பொறுப்பு என்றொரு சொல்

உயர்தர வகுப்பில் கணக்கீடு படிக்கும் மாணவி ஒருத்தி, ஒரு ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் புத்தகமும் கையுமாக நம் முன் வந்து நின்றாள்.

"சாமி, ஒரு சந்தேகம். எங்கம்மா என்னைப் பத்தி யாருகிட்டயாவது நல்லதா சொல்லணும்னா, 'இவ பொறுப்பான புள்ள'ன்னு சொல்வாங்க. இந்தப் புத்தகத்துல சொத்துக்கள் ஒரு பக்கம், பொறுப்புக்கள் மறுபக்கம்னு எழுதியிருக்கு. பொறுப்பு கூடிக்கிட்டே போனா கம்பனி முழுகிப் போயிருமாம். ஒரே சொல்லு எப்படி சாமி நல்லதாவும் கெட்டதாவும் இருக்கும்?"

அன்றைக்கு ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அவளை அனுப்பிவைத்தோம். ஆனால் கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை. கொஸ்லந்தையில் இருந்துகொண்டு இந்தச் சொல்லை வெறும் சொல் ஆராய்ச்சியாக எடுத்துக்கொள்ள யாராலும் முடியாது. பெரகலையிலிருந்து வெல்லவாய போகும் பாதையில் நின்று மேலே பார்த்தால், மீரியபெத்தையின் மலை தெரிகிறதல்லவா? அந்த மலையைப் பார்த்து நாடு முழுவதும் கேட்ட கேள்வியும் இதுதான்: யார் பொறுப்பு?

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'பொறு' என்றால் சுமத்தல், தாங்குதல். பாரம் பொறுக்கிறது, கிளை பழத்தைப் பொறுக்கிறது என்று சொல்லும் வழக்கிலிருந்து இரண்டு சொற்கள் பிறந்தன. ஒன்று பொறுப்பு, மற்றது பொறுமை. பிறருக்காகப் பாரத்தைத் தன் தோளில் ஏற்றுக்கொள்பவன் பொறுப்பாளி. பிறர் ஏற்றிவிட்ட பாரத்தை முனகாமல் சுமப்பவன் பொறுமைசாலி. மலைநாட்டில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த இரண்டும் இரண்டு வேறு கூட்டத்தாரிடம் பிரிந்து கிடந்தன என்று சொன்னால் அது மிகையாகாது.

அடுத்து 'கடன்' என்னும் சொல்லின் குடும்பம். கடன், கடமை, கடப்பாடு ஆகிய மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சங்கப் பாடல்களில் கடன் என்றால் பெரும்பாலும் செய்யவேண்டிய கருமம் என்றே பொருள். இன்றைக்கும் இறுதிக்கடன், நேர்த்திக்கடன், காலைக்கடன் என்கிறோம். இவற்றில் எதற்கும் வட்டி இல்லை, எவரும் வந்து கதவைத் தட்டுவதும் இல்லை. ஆனாலும் செய்யாமல் விட்டால் மனம் உறுத்துகிறது. கொடுத்த பணம் திரும்ப வரவேண்டும் என்ற பொருள் மட்டுமே கடனுக்கு உண்டு என்று நினைப்பது கடைக்காரர் அகராதி.

மூன்றாவது, 'குற்றம்'. யார் செய்தது, யாருடைய பிழை, யாரைத் தண்டிப்பது என்ற கேள்வி இதற்குள் அடங்கும்.

ஆங்கிலத்தில் 'லயபிலிட்டி' என்று ஒரே சொல்லால் குறிப்பது, நீதிமன்றத்தில் நட்டஈடு கொடுக்கும் நிலையையும், கணக்குப் புத்தகத்தில் கொடுக்கவேண்டிய தொகையையும், ஒரு விபத்துக்கு ஆளாகக்கூடிய தன்மையையும் சேர்த்துக் குறிக்கிறது. அதன் வேர் லத்தீனில் 'லிகாரே', அதாவது கட்டுதல். குருமடத்தில் லத்தீன் இலக்கணத்தோடு மல்லுக்கட்டிய நாட்களில் இந்த வினைச்சொல்லை நாம் எத்தனையோ தடவை உருப்போட்டதுண்டு. அப்போது விளங்காத ஒன்று இப்போது விளங்குகிறது. பொறுப்புள்ளவன் என்றால் கட்டப்பட்டவன். யாரோடு கட்டப்பட்டவன், எந்தக் கயிற்றால் கட்டப்பட்டவன் என்பதுதான் கேள்வி.

இனி மீரியபெத்தைக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. பல நாள் மழைக்குப் பின், காலை ஏழரை மணியளவில், மேல் மலை சரிந்து லயங்களை மூடியது. கோயிலும் கடைகளும் மண்ணுக்குள் போயின. பிள்ளைகள் பலர் அதற்குள் பள்ளிக்கூடம் புறப்பட்டுப் போயிருந்ததால் தப்பினார்கள். வீடு திரும்பியபோது சிலருக்குத் தாய் தகப்பன் இல்லை. முதல் நாட்களில் இறந்தவர் தொகை நூற்றுக்கணக்கு என்றார்கள், பிறகு நாற்பதுக்குள் என்றார்கள். எத்தனை பேர் அங்கே குடியிருந்தார்கள் என்பதைக்கூட உடனடியாகச் சரியாகச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கொழுந்து எத்தனை கிலோ என்பது நாள்தோறும் எழுதப்பட்ட தோட்டத்தில், ஆட்கள் எத்தனை என்பதற்குத் தெளிவான ஓர் ஏடு கிடைக்கவில்லை. மீட்க முடியாத உடல்கள் அந்த மண்ணுக்குள்ளேயே இருக்கின்றன.

அது எதிர்பாராத விபத்தா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் அந்த இடம் அபாயமானது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று எச்சரித்திருந்தது. சரிவு நடந்த பின்னர் இந்த இரண்டு ஆண்டுகளும் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்தன. எச்சரித்தோம், அவர்கள் போகவில்லை என்று அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டது. போகச் சொன்னீர்கள், போக இடம் தரவில்லையே என்று மக்கள் தரப்பில் சொல்லப்பட்டது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில்தான் நம் கேள்வி முழுவதும் இருக்கிறது.

விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரத்தில் முட்டும் மாட்டைப் பற்றி ஒரு சட்டம் வருகிறது. மாடு ஒருவரை முட்டிக் கொன்றுவிட்டால், மாட்டைக் கல்லால் எறிந்து கொல்ல வேண்டும். மாட்டுக்காரன்மேல் பழி இல்லை. ஆனால் அந்த மாடு முன்பே முட்டும் வழக்கமுள்ளது, அதைப்பற்றி உரிமையாளனுக்கு எச்சரித்தும் அவன் அதைக் கட்டிவைக்கவில்லை என்றால், பழி அவன்மேலும் வரும். மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய இடையர் சமூகத்தின் சட்டந்தான். ஆனால் எவ்வளவு நுட்பமாக இருக்கிறது பாருங்கள்! விபத்தை விபத்தாக இராமற் செய்வது எச்சரிக்கை. எச்சரிக்கை வருமுன் உரிமையாளன் துரதிர்ஷ்டசாலி, எச்சரிக்கை வந்த பின் அவன் பொறுப்பாளி.

இதில் நாம் எளிதில் தாண்டிப் போய்விடும் ஒரு விஷயம் உண்டு. எச்சரிக்கை யாருக்குக் கொடுக்கப்படுகிறது? மாட்டின் வழியில் போகிறவனுக்கு அல்ல. மாட்டைக் கட்டும் கயிறு யார் கையில் இருக்கிறதோ, அவனுக்கு. வழிப்போக்கனிடம் "அந்த மாடு முட்டும், கவனமாயிரு" என்று சொல்வது நல்ல காரியந்தான். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டதால் மாட்டுக்காரனுடைய பழி வழிப்போக்கன் தலைக்கு மாறிவிடாது.

மீரியபெத்தையில் கயிறு யார் கையில் இருந்தது? லயத்துக் காம்பராவில் இருந்தவர் கையில் அல்ல. அந்த லயம் அவருடையதன்று. நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் ஒரு கூரைத் தகரத்தைக்கூட நீட்டிப் போட முடியாது. பக்கத்து மேட்டில் பாதுகாப்பான ஒரு துண்டு நிலம் கண்ணுக்குத் தெரிந்தாலும் அங்கே போய் ஒரு குடிசை போட உரிமை கிடையாது. வேலை தோட்டத்தில், வீடு வேலையோடு ஒட்டியது. வீட்டை விட்டால் வேலையும் செக்ரோலில் பெயரும் என்னாகும் என்ற பயம் வேறு. இப்படிப்பட்டவரிடம் "இடம்பெயருங்கள்" என்று ஒரு கடதாசியைக் கொடுப்பது எச்சரிக்கையா? அறிவித்தல் என்று சொல்லலாம்.

அப்படியானால் தோட்டக் கம்பனியின் கையிலா? 1972-லும் 1975-லும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களின் கீழ் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. ஆனால் மண் அரசினுடையதாகவே இருந்தது, கம்பனி குத்தகைக்காரர். ஆகவே கம்பனி, நிலம் எங்களுடையதல்ல என்று சொல்ல இடமுண்டு. அரசு, நிர்வாகம் எங்களிடம் இல்லை என்று சொல்ல இடமுண்டு. பிரதேச சபையிடம் போனால், தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டத்தில் தடை இருக்கிறது என்ற பதில் நெடுங்காலம் கிடைத்து வந்தது. அந்தத் தடையை நீக்கும் திருத்தம் 2018-இல்தான், மீரியபெத்தைக்கு நான்கு ஆண்டுகள் கழித்து வந்தது. ஒரே கயிற்றின் ஒவ்வொரு புரியையும் ஒவ்வொருவர் பிடித்திருந்தார்கள். யார் கையிலும் முழுக் கயிறு இல்லை. மாடு அவிழ்ந்தே நின்றது.

இந்த நிலையில் "யார் குற்றவாளி?" என்று மட்டும் கேட்டால் என்ன நடக்கும்? ஒவ்வொருவரும் தம் பங்கு சிறியது என்று காட்டுவார்கள், அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். கடைசியில் குற்றவாளி இல்லை, ஆகையால் பொறுப்பாளியும் இல்லை என்று கோப்பு மூடப்படும். மூன்று சொற்களையும் ஒன்றாகக் குழப்பியதன் விளைவு இது. குற்றம் இல்லாத இடத்திலும் கடன் இருக்கலாம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இது ஏதோ சமயவாதிகளின் கற்பனை என்று எண்ண வேண்டாம். நம் நாட்டுச் சட்டமே இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1934-ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வேலையின்போது வேலையின் நிமித்தம் ஒரு தொழிலாளிக்குக் காயமேற்பட்டால், முதலாளி பிழை செய்தாரா இல்லையா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பிழை இல்லாவிட்டாலும் அவர் கொடுக்க வேண்டும். ஏன்? அந்த வேலையால் பயன் பெறுகிறவர் அந்த வேலையின் ஆபத்தையும் சுமப்பதே நீதி என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. நல்ல எண்ணந்தான். ஆனால் அது பிரட்டுக்களத்தோடும் கொழுந்து மலையோடும் நின்றுவிடுகிறது. மலையில் கால் வழுக்கி விழுந்தால் வேலையில் நேர்ந்த விபத்து. அதே மலை வீட்டின்மேல் விழுந்தால் இயற்கை அனர்த்தம்! அந்த வீட்டில் அவர் குடியிருந்ததே அந்த வேலைக்காகத்தானே? வேலைக்கு ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதற்காகத்தானே மலையடியில் லயம் கட்டினார்கள்?

கடன் என்ற சொல் நம் மக்களுக்குப் புதிதல்ல. அதன் ஒரு பக்கம் மட்டும் அவர்களுக்கு மிக நன்றாகத் தெரியும். வெள்ளைக்காரர் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தொழிலாளிமேலும் கங்காணிமேலும் நின்ற கடனைக் குறித்து, இந்தத் தொகையைக் கட்டினால் ஆட்களை விடுவிக்கிறேன் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் பணத்தைக் கட்டி ஆட்களை எடுக்கும். கடன் தீர்ந்ததா? இல்லை, தோட்டம் மாறிய ஆளோடு கடனும் கூடவே போனது. கப்பலேறி வந்த வழிச்செலவில் தொடங்கி, அரிசியும் கம்பளியும் சேர்ந்து, தகப்பன் கணக்கு மகனுக்கு வந்த கதைகள் ஏராளம். 1921-இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதை அந்தக் காலத்துக் கணக்குப் புத்தகம் ஒரே திசையில்தான் எழுதியது. காட்டை வெட்டி, ரோடு போட்டு, கோப்பியும் தேயிலையும் வைத்துக் கொடுத்தவர்களுக்கு இந்த நாடு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்று எழுதுவதற்கு அதில் ஒரு பத்தியும் ஒதுக்கப்படவில்லை. 1948-இல் குடியுரிமையே இல்லை என்றானபோது, கொடுக்க வேண்டியவர் பெயரையே ஏட்டிலிருந்து வெட்டிவிட்டது போலாயிற்று. நாடற்ற நிலை சட்டத்தில் முடிவுக்கு வர 2003 ஆயிற்று.

புனித தோமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் ஈடுசெய்தலைப் பற்றி எழுதும்போது, ஒருவருக்கு நேர்ந்த நட்டத்தை யார் யார் ஈடுசெய்யக் கட்டுப்பட்டவர் என்று ஒரு பட்டியலை ஆராய்கிறார். எடுத்தவன், கட்டளையிட்டவன், ஆலோசனை சொன்னவன், சம்மதித்தவன் இவர்களெல்லாம் அதில் வருவது நாம் எதிர்பார்ப்பதே. ஆனால் வாய் திறவாதவன், தடுக்காதவன், வெளிப்படுத்தாதவன் என்ற மூவரும் கடைசியில் வருகிறார்கள். இவர்கள் எல்லா நேரமும் கட்டுப்பட்டவர் அல்லர். பதவியின் காரணமாகப் பேசவும் தடுக்கவும் வேண்டியவராயிருந்தால் மட்டுமே கட்டுப்பட்டவர் என்று அவர் அளந்து பேசுகிறார். அதற்கு அவர் தரும் உதாரணம் நாட்டை ஆளும் பிரபுக்கள். அவர்களுடைய கவனக்குறைவால் கள்வர் பெருகினால், களவு போனதை ஈடுசெய்யப் பிரபுக்கள் கடமைப்பட்டவர். ஏனென்றால் அவர்கள் பெறும் வருமானமே நீதியைக் காப்பதற்குக் கொடுக்கப்பட்ட கூலி போன்றது என்கிறார். குத்தகைப் பணம் வாங்குகிறவரும், தேயிலையின் இலாபம் வாங்குகிறவரும், வரி வாங்குகிறவரும் இந்த வாக்கியத்தை ஒருமுறை தங்கள் பெயரை வைத்து வாசித்துப் பார்க்கலாம். வாய் திறவாதவன் என்ற இடத்தில் பத்திரிகை நடத்துகிறவர்களும் மேடையில் பிரசங்கிக்கிறவர்களும் சற்று நிற்கத்தான் வேண்டும். 2005-க்கும் 2014-க்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள். அந்த ஒன்பது ஆண்டுகளில் நம்மில் எத்தனை பேர் அந்த எச்சரிக்கையைப் பற்றி ஒரு வரி எழுதினோம்?

குற்றம் யாருடையது என்று தெளிவாகத் தீர்ப்பானால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. மீரியபெத்தையை நினைக்கும்போதெல்லாம் வேல்ஸ் நாட்டின் அபர்வான் என்ற சுரங்கக் கிராமமும் நினைவுக்கு வருகிறது. அங்கேயும் தொழிலாளர் ஊர், அங்கேயும் ஒக்டோபர் மாதம், அங்கேயும் மழைக்குப் பிந்திய காலைப்பொழுது. 1966 ஒக்டோபர் 21 அன்று, நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவைக் கொட்டி மலைமேல் எழுப்பிய குவியல் சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் மாண்டார்கள், அவர்களில் 116 பேர் பிள்ளைகள். மீரியபெத்தையில் பிள்ளைகளைக் காப்பாற்றியது பள்ளிக்கூடம், அபர்வானில் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகள் புதைந்தார்கள். பள்ளிக்கு மேலே குவியும் கழிவு ஆபத்தானது என்று உள்ளூர் நகரசபையிலிருந்து சில ஆண்டுகளுக்கு முன்பே கடிதம் போயிருந்தது.

அங்கே விசாரணை ஒழுங்காக நடந்தது. 1967-இல் வெளிவந்த அறிக்கை, தேசிய நிலக்கரிச் சபையே பொறுப்பு என்று மறைக்காமல் சொன்னது. கெட்ட எண்ணத்தால் நடந்ததல்ல, அறியாமையாலும் திறமைக்குறைவாலும் நடந்தது என்றும் சொன்னது. குற்றம் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைப்பது அரிது. ஆனால் அதன்பின் நடந்ததைக் கேளுங்கள். ஒருவர்கூட வழக்கில் நிறுத்தப்படவில்லை, ஒருவருக்கும் வேலை போகவில்லை. ஊருக்கு மேலே மீதமிருந்த குவியல்களை அகற்றச் சபை முழுச் செலவையும் ஏற்க மறுக்க, உலகெங்குமிருந்து அந்தத் தாய்மாருக்காக மக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்து 150,000 பவுண் எடுக்கப்பட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவர் பணத்தில் பிள்ளையைக் கொன்ற குவியலை அகற்றினார்கள்! அந்தத் தொகை 1997-இல்தான் திருப்பிக் கொடுக்கப்பட்டது, அதுவும் வட்டியில்லாமல். பொறுப்பு யாருடையது என்று காகிதத்தில் தீர்ந்திருந்தது. கடன் முப்பது ஆண்டுகள் தீராமல் கிடந்தது.

நமக்குக் காகிதமும் அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. வீடு மட்டும் கிடைத்தது. உயிர்தப்பிய குடும்பங்கள் பாடசாலைகளிலும் தேயிலைத் தொழிற்சாலையிலும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் காத்திருந்த பின், 2016-இல் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. இதை நாம் குறைத்துப் பேசவில்லை. கட்டியவர்களுக்கு நன்றி சொல்லவே வேண்டும். ஆயினும் நன்றி என்ற சொல்லை உச்சரிக்கும்போது ஒரு தயக்கம் வருகிறது. தருமம் கொடுத்தவருக்கு நன்றி சொல்கிறோம். கடனைத் திருப்பிக் கொடுத்தவருக்கு என்ன சொல்வது? பற்றுச்சீட்டுக் கொடுப்பது வழக்கம்.

லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த செய்தி வருகிறது. இறந்தவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று தாமே பதில் சொல்கிறார். அந்த இடத்தில் கிரேக்க மூலத்திலுள்ள சொல்லுக்கு நேர்ப்பொருள் 'கடனாளிகள்'. இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய கடனாளிகள் அல்லர். மீரியபெத்தைச் சம்பவத்தின் பின் "சொன்னால் கேட்காத சனம்" என்று சிலர் பேசியது நம் காதில் விழுந்தபோது இந்தப் பகுதிதான் நினைவுக்கு வந்தது. மண்ணுக்குள் போனவர்கள் தலையிலேயே கடனையும் எழுதிவிடும் பழக்கம் துண்டோடு ஒழிந்துவிடவில்லை போலும்.

மலை இன்னும் ஓயவில்லை. 2023 மார்ச் மாதத்தில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்து லயங்கள் அழிந்தன. நல்லவேளையாக உயிர்கள் தப்பின, குடும்பங்கள் மறுபடியும் ஒரு தொழிற்சாலையில் போய் ஒதுங்கின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் மழை, பதுளை மாவட்டத்தின் மலைகளைப் பல இடங்களில் சரித்தது. நிலத்தில் புதிய வெடிப்பு, சுவரில் நாளுக்கு நாள் அகலும் கீறல், சாயும் மரம், இல்லாத இடத்தில் திடீரெனத் தோன்றும் ஊற்று, தெளிந்த ஊற்று கலங்கி வருதல், இவை தெரிந்தால் பகலென்றும் இரவென்றும் பாராமல் வெளியேறிவிட வேண்டும். இதில் யார் பொறுப்பு என்ற விவாதத்துக்கு இடமில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் பொறுப்பு தாய் தகப்பனுடையதுதான்.

ஆனால் மழையில்லாத நாளில் அபாய இடம் என்று உங்கள் லயத்துக்கு ஓர் அறிவித்தல் வந்தால், அதை வாங்கிக் கையொப்பமிடுவதோடு நின்றுவிடாதீர்கள். "எங்கே போவது, எப்போது இடம் தரப்படும், அதைத் தரவேண்டியவர் யார்?" என்ற மூன்று கேள்விகளையும் ஒரு கடிதமாக எழுதி, தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலாளருக்கும் கொடுங்கள். திகதியும், பெற்றுக்கொண்டவரின் கையொப்பமும் உள்ள பிரதி ஒன்றை லயத்துக்கு வெளியே வேறொரு வீட்டில் பத்திரப்படுத்தி வையுங்கள். எழுத உதவி வேண்டுமானால் பங்கு இல்லத்துக்கு வாருங்கள். கணக்கீடு படிக்கும் அந்தப் பிள்ளைக்குக் கையெழுத்து நன்றாயிருக்கிறது. சனிக்கிழமைகளில் வந்து எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.